ஒரு வீடியோ, கால் மட்டும்

அக்கா, ஃபேன் சுவிட்சு இந்தக் கம்பிக் கதவுக்கு வெளியில உங்க பக்கம்தானே இருக்குது? கொஞ்சம் போட்டு விடுங்க, புண்ணியமாப் போகும். வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா? அப்பச் சரி, விடுங்க. என்னால ஏற்கெனவே உங்களுக்குப் பேச்சு. கேட்டைத் திறந்து விட்டது நீதானேன்னு அபார்ட்மெண்ட் செக்ரட்டரி சார் உங்களை நிக்க வெச்சுக் கேட்டதை இந்த ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு மாதிரியாப் போச்சுங்க எனக்கு.

ஏ.சி. ரிப்பேருக்கு வந்திருக்கேன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்தான். இல்லீன்னு சொல்லலை. நெசத்தைச் சொல்லியிருந்தா நீங்க உள்ள விட்டிருப்பீங்களா?

பேட்ஜ்ல பேச்சியம்மாள்னு போட்டிருக்கே, தெக்கத்திப் பக்கமுங்களா? நான் இங்கயேதான், சிங்காநல்லூரு. பேரு வெள்ளிங்கிரி. பொறந்ததுல இருந்து இந்தக் கோயமுத்தூர்ல என்னை ஒருத்தரும் ரூம்ல போட்டுப் பூட்டினதில்லைங்க. அடிச்சிருக்காங்க. அது வேற. இந்தத் தொழில்ல அடி வாங்காம இருக்க முடியாது. ஆனாப் பூட்டினதில்லை. அடிச்சா வலிச்சுட்டுப் போயிரும். பூட்டி வெச்சா யோசிக்க வெச்சுடறாங்க. கேரம் போர்டையும் உடைஞ்ச நாற்காலியையும் பாத்துட்டு எவ்வளவு நேரம் யோசிக்கறது?

நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். காவலுக்கு உக்காரச் சொல்லியிருக்காங்க, உக்காருங்க. நான் சொல்றதைக் காதுல மட்டும் போட்டுக்குங்க. அப்புறமேட்டுக்கு ஒரு உதவி கேப்பேன். சின்ன உதவிதான்.

நான் என்ன தப்புச் செஞ்சேன், அதைச் சொல்லுங்க முதல்ல. கூட்டத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. புள்ளை புடிக்கறவன்னாரு ஒருத்தர். செயின் அறுக்க நோட்டம் பாக்க வந்தவன்னாரு இன்னொருத்தர். அந்தப் பச்சைச் சேலைக்கார அம்மா சொன்னதுதான் பெருசு. வீடியோ காலுக்குக் கூப்பிட்டான்னு கத்திப்போட்டாங்க. பொம்பளைங்களை ஃபோன்ல கூப்பிட்டு, படம் புடிச்சு மிரட்டறானுகளே, அந்தக் கூட்டத்துல என்னையும் சேத்துட்டாங்க. சிவசிவா, எனக்கு அப்பிடிப் பேரு தேவையா?

நான் சொன்னது அதில்லீங்க. "ஒரு வீடியோ, கால் மட்டும்தானுங்க." இதுதான் நான் சொன்னது. நடுவுல ஒரு மூச்சு விட்டிருக்கணும். வெயில்ல அந்த அம்மா பின்னாலயே நடந்து வந்து நாக்கு வறண்டு கெடந்துது, மூச்சு விடாமச் சொல்லிப்போட்டேன். "ஒரு வீடியோ கால் மட்டும்தானுங்க"ன்னு அவங்க காதுல விழுந்துருச்சு. முடிஞ்சுது சோலி.

எப்பவும் நான் காலுன்னு சொல்லவே மாட்டேனுங்க. பாதம்னுதான் சொல்லுவேன். நம்ம பேச்சுல இடுப்புக்குக் கீழ பூராவும் காலுதானே? எதைச் சொல்றான்னு ஒரு சந்தேகம் வந்துரும். பாதம்னு சொன்னா சாமி பாதம், பெரியவங்க பாதம், ஒரு மரியாதை இருக்குது. திட்ட வாயைத் திறக்கறவங்க ஒரு நிமிசம் நிப்பாங்க. அந்த ஒரு நிமிசத்துக்குள்ள மீதியைச் சொல்லிருவேன். இத்தனை நாளா அப்பிடித்தான் ஓட்டினேன். இன்னைக்கு வாய் தவறிப் போச்சு.

கால் வீடியோன்னா என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலை. சரி, நானே சொல்றேன். வெறும் பாதம். கணுக்காலுக்கு மேல கேமரா போகாது. மூஞ்சி வரவே வராது. நடக்கறது, கொலுசு போடறது, மண்ணை மிதிக்கறது, பழத்தை மிதிக்கறது. இதைக் காசு குடுத்துப் பாக்கறதுக்கு வெளிநாட்டுல ஆளுங்க இருக்காங்க. ஏன் பாக்கறாங்கன்னா... இருங்க, ஏன் காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கறீங்க? ஐயோ, நான் பாக்கவே இல்லீங்க. ஷூ போட்டிருக்கீங்க, அதுல என்ன தெரியப் போகுது? சரி, உங்க இஷ்டம்.

ஏன் பாக்கறாங்கன்னு நானும் ஆரம்பத்துல மண்டையைக் கொடைஞ்சுக்கிட்டேன். ஆளுக்கு ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். யாரையும் தொடறதில்லை, வீடு தேடி வர்றதில்லை. எங்கயோ குளிருல உக்காந்து பாக்கறான், பாத்துட்டுப் போறான். மூஞ்சியே தெரியாதப்ப யாருக்கு என்ன நட்டம்? பெங்களூர்ல மார்ட்டின்னு ஒருத்தன் இருக்கான், அவன்தான் வாங்கி அனுப்பறது. நேர்ல பாத்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும்.

நான் பாதி ஆயுசு செருப்புக் கடையில இருந்தவனுங்க. ஒப்பணக்கார வீதியில. கடைக்குள்ள வர்றவங்க நடையைப் பாத்தே சைஸ் சொல்லுவேன். குட்டி ஸ்டூல்ல உக்காந்து, குதிகாலைக் கையில புடிச்சு, "இது கடிக்குதுங்களா"ன்னு கேப்பேன். "இல்லீங்க, இது நல்லா இருக்குது"ம்பாங்க. புருசன்மாரு பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருப்பாங்க. ஒருத்தரும் ஒரு சொல்லு சொன்னதில்லை. எல்லாரும் ஃபோன்லயே செருப்பு வாங்க ஆரம்பிச்சாங்க, கடையை மூடிட்டாங்க. அதே பொம்பளைங்க, அதே பாதம். இப்ப ஒரு வார்த்தை கேட்டா அந்தச் செருப்பையே கழட்டறாங்க. ஸ்டூல்ல உக்காந்து கேட்டா மரியாதை, நின்னுட்டுக் கேட்டாப் பொறுக்கி. என்ன நியாயமுங்க இது?

திட்டு வாங்கறதுக்கும் ஒரு பக்குவம் வேணும். ஓடக் கூடாது. ஓடினாத் திருடன்னு ஊரே சேந்து தொரத்தும். சிரிக்கவும் கூடாது, மன்னிச்சுக்கங்கன்னு சொல்றப்பக்கூடச் சிரிக்கக் கூடாது. முக்கியமா, கேட்டதுக்கு அப்புறம் கீழ பாக்கவே கூடாதுங்க. மூஞ்சியைத்தான் பாக்கணும். மூஞ்சியைப் பாத்துப் பேசினாத்தான் எதிர்ல நிக்கறவங்களுக்கு, சரி, இவன் நம்மளை ஒரு மனுசியா மதிக்கறான்னு தோணும். பாதிக் கோவம் அதுலயே எறங்கிரும். காந்திபுரத்துல ஒரு பூக்கார அம்மா ஒத்தைச் செருப்பைக் கழட்டி ஓங்கி ஒண்ணு வெச்சாங்க. நியாயமா நான் அவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் மன்னிப்புக் கேக்கணும். ஆனாச் செருப்பைக் கழட்டின பாதம் வெறும் தரையில நிக்குது, நெம்ப லட்சணமான பாதம், கண்ணு தானாக் கீழ போயிருச்சு. ரெண்டாவது அடி அதுக்குத்தான் விழுந்துது. அதை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

பொம்பளைங்க திட்டினாப் பரவாயில்லீங்க. திட்டிட்டுப் போயிருவாங்க. ஆம்பளைங்கதான் விட மாட்டாங்க, வரிசை கட்டி வருவாங்க.

என்கிட்டயும் கொள்கை இருக்குது. படிக்கற புள்ளைங்க பக்கமே போக மாட்டேன். கல்யாணமானவங்கன்னா, வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டு வாங்கன்னு நானே சொல்லி அனுப்புவேன். இது விளம்பரம் கிளம்பரம்னு ஒருத்தர்கிட்டயும் கதை விட மாட்டேன். இது இன்ன மாதிரி, இன்ன ஆளுங்க பாக்கறது, வெளிநாட்டுக்குப் போகுது, போனாத் திரும்ப வராது, இஷ்டம் இருந்தா வாங்கன்னு புட்டுப் புட்டு வெச்சிருவேன். எங்க போகுதுன்னு தெரியாம ஒரு பொம்பளை இதுக்குள்ள வரக் கூடாதுங்க. அதுல நான் கறார்.

ஒத்துக்கறவங்களும் இருக்காங்க. சிரிப்பாங்க. "இந்தக் காலையா? வெடிச்சுக் கெடக்குது, இதை எவன் பாக்கறது"ம்பாங்க. அவங்களோட வேற ஒரு ரோதனை. தக்காளியை மிதிக்கற மாதிரி வேணும்னு மார்ட்டின் கேட்டான். மிதிப்பாங்க. மிதிச்ச மறு நொடி கை தானாக் கீழ போகும், தக்காளியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. சாப்பிடற பொருளுல்லீங்களா? "தொடாதீங்கம்மா"ன்னா "சரிங்க, இனித் தொடலை"ம்பாங்க. மறுபடி மிதிப்பாங்க, மறுபடி கை போகும். ஒருத்தர் விடாம அத்தனை பேரும். மார்ட்டின் கத்துவான். "எனக்குப் புரியுதுய்யா, காசு குடுக்கறவனுக்குப் புரியாதே, எதுக்கு ஃப்ரேமுக்குள்ள கை வருதுன்னு கேக்கறானே." நான் அந்த இடத்தையெல்லாம் வெட்டி வெட்டி அனுப்பிட்டிருந்தேன்.

ஒண்ணை மட்டும் வெட்டலை. அவசரத்துல அப்பிடியே போயிருச்சு. அதுல ஒரு பாதம், வலது பாதத்து மேல கஞ்சி கொட்டின தழும்பு, மாவிலையாட்டம் இருக்கும். தக்காளியை மிதிச்சுட்டு, அந்தப் பொம்பளை குனிஞ்சு, நசுங்கினதை ரெண்டு கையிலயும் அள்ளி, கண்ணுல ஒத்தி, ஓரமா வெச்சுட்டு, அடுத்ததை மிதிக்கறா. அவ்வளவுதான். அது பிச்சுக்கிட்டுப் போச்சுங்க. உலகத்துல எந்த மூலையில இருந்தெல்லாமோ கேக்கறானுக. தழும்புக் காலு எங்க, தழும்புக் காலு எங்க. மத்தவங்களோடது ஒண்ணு போகலை. "வெள்ளிங்கிரி, இனி அந்தக் காலுதான், வேற எதையும் அனுப்பாதே"ன்னுட்டான் மார்ட்டின்.

அந்தம்மாவுக்கு இனி முடியாதுன்னேன். சிரிக்கறான். "முடியலைன்னா விடு. எங்க எடுத்தது, யாரு எடுத்தான்னு நானே எல்லாருக்கும் சொல்லிக்கறேன்"ங்கறான். போனதையாவது திருப்பிக் குடுன்னேன். "ஊரெல்லாம் எறைச்ச பஞ்சை எங்க போய்ப் பொறுக்கறது"ங்கறான். இப்ப இந்த ரூம் இருக்குதே, இது சாயங்காலம் திறந்துரும். மார்ட்டின் போட்ட பூட்டு அப்பிடியில்லீங்க.

அதனாலதான் நான் தேடிட்டிருந்தேன். வேற ஒரு தழும்புக் காலு. அதே மாதிரி வேண்டாம், ஏறக்குறைய இருந்தாப் போதும், மாத்தி அனுப்பினா எவனுக்குத் தெரியப் போகுது? கோயில் வாசல்ல, செருப்பு விடற இடத்துல காலையில இருந்து நின்னேன். பச்சைச் சேலைக்கார அம்மா செருப்பைக் கழட்டினாங்க. வலது பாதம். அதே இடம். தழும்பு கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். எனக்குச் சாமியே வந்து நின்ன மாதிரி ஆயிருச்சுங்க. பின்னாலயே வந்துட்டேன். பின்னாலயே வந்ததுதான் பெரிய குத்தங்கறாரு செக்ரட்டரி சார். முன்னால போனா எப்பிடிங்க கேக்கறது?

உங்க கேட்டைத் தாண்டி, லிஃப்டுகிட்ட நிக்கறப்பக் கேட்டேன். அந்தப் பதட்டத்துலதான் பாதம் காலாயிருச்சு.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. கூட்டம் கூடிருச்சு. "வீடியோ கால் இல்லீங்க, கால் வீடியோ"ங்கறேன், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை. என்ன பண்றது? நானே ஃபோனைத் திறந்து காட்டினேன். "நீங்களே பாருங்க, அசிங்கம் ஏதாவது இருக்குதா? வெறும் பாதம்தானே"ன்னு. இருக்கறதுலயே நல்லதாக் காட்டணும்னு அந்தத் தக்காளி வீடியோவைப் போட்டேன். 

பாத்தாங்க. சத்தம் நின்னு போச்சு. ஜெயிச்சுட்டேன்னே நெனச்சேனுங்க. அந்தப் பச்சைச் சேலைக்கார அம்மா ஃபோனை வாங்கி மறுபடியும் பாத்தாங்க. கண்ணுல ஒத்தற இடத்துல நிறுத்தினாங்க.

"யாரு இது?"

"ஒரு அம்மாங்க."

"இது எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சாங்க."

மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னேன். அவங்க ஃபோனைத் திருப்பித் தரலை. செக்ரட்டரி சார் என்னமோ நியாயம் சொல்ற மாதிரி, "போலீஸா, இல்லை வீட்டுல இருந்து ஒரு ஆள் வந்து கூட்டிட்டுப் போறாங்களா"ன்னாரு. சினேகிதன் நெம்பரைத் தர்றேன்னு கெஞ்சினேன். கேக்கலை. அந்த அம்மாவே என்ற ஃபோன்ல 'வீடு'ன்னு போட்டிருந்ததை அமுக்கிட்டாங்க. "உங்க வீட்டுக்காரர் இங்க இருக்காரு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னு பதவிசாச் சொன்னாங்க. எனக்கு ஏதோ மயக்கம்னு அவ நெனச்சிருப்பா. அடுப்பைக்கூட அணைக்காம ஓடி வந்துட்டிருப்பா.

இப்பத்தான் அக்கா அந்த உதவி.

அந்தப் பாதம் என்ற சம்சாரத்தோடதுங்க. கோகிலவாணி.

அப்பிடிப் பாக்காதீங்க. முழுசாக் கேளுங்க. ஒருத்தியும் குனியாம மிதிக்க மாட்டேங்கறாளேன்னு ஒரு நாள் வீட்டுலயே எடுத்துப் பாத்தேன். மார்ட்டினுக்கு ஒரு மாதிரிக்குக் காட்டறதுக்குத்தான். பித்த வெடிப்புக்கு ஒரு களிம்பு வருது, அதுக்கு விளம்பரம்னு அவகிட்டச் சொன்னேன். "களிம்புக்கும் தக்காளிக்கும் என்னங்க சம்பந்தம்"ன்னு கேட்டா. தக்காளிச் சாறுலதான் அந்தக் களிம்பு செய்யறாங்கன்னேன். நம்பிட்டா. நம்பாம என்ன பண்ணுவா, நான் சொன்னா நம்பற பழக்கம் அவளுக்கு. மஞ்சப் பூசிக் குளிச்சுட்டு, கல்யாணத்துக்கு எடுத்த மெட்டியைத் தேடிப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. குனியறப்பத் தாலி வெளிய வந்து தொங்குச்சு. அதை மட்டும் வெட்டிட்டேனுங்க. அதுகூட வெட்டாம அனுப்பற அளவுக்கு நான் மோசமில்லை.

அதுக்கப்புறம் மார்ட்டின் கேக்கக் கேக்க எடுத்துட்டே இருந்தேன். எந்த டி.வி.ல வருதுன்னு கேப்பா. வடக்க வருதுன்னு சொல்லி வெச்சேன். அப்பவும் சாயங்காலம் சீரியல் நடுவுல விளம்பரம் போட்டா, கையில இருக்கற வேலையை விட்டுட்டு வந்து நின்னு பாப்பா. என்னைக்காவது நம்ம பக்கமும் போடுவாங்கல்லன்னு. அவ தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கா. பக்கத்து வீட்டுலயும் சொல்லியிருக்கா. "என்ற காலு விளம்பரத்துல வருது, தழும்பு இருந்தாலும் பரவாயில்லைன்னுட்டாங்க"ன்னு. அந்தத் தழும்பைச் சின்ன வயசுல இருந்து சேலைக் கரையில மறைச்சு மறைச்சு நடந்தவ. இப்பக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டறா. அதைப் பாத்தப்புறம் எப்பிடிங்க சொல்றது? மேல எடுக்கவும் மனசு வரலை.

அவகிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. சொன்னா ஒத்துக்க மாட்டா. அதனாலதான் சொல்லலை.

அது... ஆமா. நான் கறார்னு இப்பத்தான் சொன்னேன். அது வெளியாளுங்களுக்குங்க. வீட்டுக்குள்ள எப்பிடி...

விடுங்க. நேரமில்லை. இந்த ஜன்னல்ல இருந்து கேட்டும் தெரியுது, எதிர்த்தாப்புல ஆபீஸ் ரூமோட கண்ணாடிக் கதவும் தெரியுது. உள்ள சோஃபாவுல செக்ரட்டரி சார், பச்சைச் சேலைக்கார அம்மா, இன்னொருத்தர்னு மூணு பேரும் உக்காந்து இன்னும் என்ற ஃபோனைத்தான் பாத்துட்டிருக்காங்க. வாசல்ல மிதியடி போட்டிருக்குது. எத்தனை பேரு செருப்புப் போட்டுட்டே உள்ள போறாங்க வர்றாங்க, பாத்துட்டுத்தான் இருக்கேன். ஆனா அவ கழட்டிருவா அக்கா. அவ ஏ.டி.எம்.முக்குப் போனாலே வாசல்ல செருப்பைக் கழட்டி விட்டுட்டுத்தான் உள்ள போவா. பேங்குல போய் வெறுங்காலோட வரிசையில நிப்பா. எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன், திட்டியிருக்கேன். உள்ள ஆளுங்க இருக்காங்கல்லங்க, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லங்கம்பா.

இதுதான் அந்த உதவி. நீங்க போய் கேட் பக்கத்துல நில்லுங்க. அவ வந்தா, "செருப்போடவே உள்ள போம்மா, இங்க கழட்டக் கூடாது, ரூல்ஸு"ன்னு சொல்லுங்க. யூனிஃபார்ம் போட்டவங்க சொன்னாக் கேட்டுக்குவா. அவ்வளவுதான். நான் ஓட மாட்டேன். பூட்டிட்டே போங்க. ஓடினாத் திருடன்னு நான்தானே சொன்னேன்?

என்னங்க, எந்திரிக்கவே மாட்டேங்கறீங்க? எனக்காக வேண்டாம். அவளுக்காக. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.

அதோ. ஆட்டோவுல வந்துட்டா. நீலச் சேலை. தலையைக்கூட வாரலை பாருங்க. கேட்டுல ஆருகிட்டயோ வழி கேக்கறா. போங்கக்கா, ஓடுங்க, இன்னும் நேரமிருக்குது.

போறீங்களா? போங்க, போங்க. நல்லா இருப்பீங்க. சீக்கிரம்... கோகிலா! கோகிலா, அங்க போகாதே! கேக்கலை அவளுக்கு. ஜன்னல் கண்ணாடி மூடியிருக்குது. 

மிதியடிகிட்ட நின்னுட்டா. கழட்டறா. ஒண்ணு. சேலையைத் தூக்கிப் புடிச்சுட்டு இன்னொண்ணு. ரெண்டையும் சேத்து ஓரமா நகத்தி வெக்கறா.

உள்ள போயிட்டா. கையெடுத்துக் கும்பிடறா எல்லாரையும். என்னமோ கேக்கறா, எங்க இருக்காருன்னுதான் கேப்பா. பச்சைச் சேலைக்காரம்மா ஃபோனைப் பாக்கறாங்க. தரையைப் பாக்கறாங்க. அடுத்தவங்களும் குனியறாங்க. செக்ரட்டரியும் எந்திரிச்சு வந்து குனியறாரு. அவ ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால எடுத்து வெக்கறா. சேலையை எறக்கி விடறா. எதுக்குப் பாக்கறாங்கன்னு தெரியாம ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாக்கறா. யாரும் நிமிர மாட்டேங்கறாங்க.

அக்கா, நடுவழியில நிக்காதீங்க. உள்ள போங்க. போய்ச் சொல்லுங்க அவங்ககிட்ட. அவ மூஞ்சியைப் பாக்கச் சொல்லுங்க. அங்க நிக்கறவ மூஞ்சியை யாராவது ஒருத்தராவது பாருங்கன்னு சொல்லுங்க.